போக்கர் மேசையில் சீட்டுப் போடப் பழகுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கமிருந்து சுற்றுலாக் கப்பலுக்கும் கோவாவுக்கும் வேலைக்குப் போகிறவர்களில் கேசினோ பிரிவில் சேருகிறவர்களும் உண்டு. போக்கர் டீலராக உட்காரும் முன் அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம்.

ஆட்டம் டெக்சாஸ் ஹோல்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். மேசை நடுவில் ஐந்து: முதலில் மூன்று ஃப்ளாப், அடுத்து ஒன்று டர்ன், கடைசியில் ஒன்று ரிவர். போக்கர் போட்டி நடத்துகிறவர்களின் சங்கமான டூர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன் 2001-இல் தொடங்கி வகுத்து வரும் விதிகளும், பண மேசைகளில் (போட்டியாக அல்லாமல் நேரடியாகப் பணத்துக்கு ஆடும் மேசைகளில்) நெடுநாளாக இருக்கும் வழக்கமும்தான் இங்கே சொல்வதற்கு அடிப்படை. நீங்கள் சேரும் இடத்தின் விதி வேறாக இருந்தால் அதுதான் செல்லும். சேர்ந்த அன்றே அந்த விதித்தாளை வாங்கிப் படித்துவிடுங்கள்.

அண்ணே, நம்ம ஊர்ல வீட்டுல வச்சு இதப் போட்டுப் பழகலாமா? போலீஸ் கேஸ் ஆயிராதா?

பணம் வைக்காமல், வெறும் சிப் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை) வைத்துப் பழகுவது பயிற்சி மட்டுமே. பணம் உள்ளே வந்தால் கதை மாறிவிடும். தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் 1930-இன்படி சூதாட்ட இடம் நடத்துவதும் குற்றம், அங்கே ஆடுவதற்காக இருப்பதும் குற்றம். ஆகவே ஒரு ரூபாய்கூட வேண்டாம். "தோத்தவன் பரோட்டா வாங்கணும்" என்ற அளவுக்குக்கூடப் பந்தயம் வைக்காதீர்கள். வெளிநாட்டு வேலைக்குப் போக இருக்கிறவர் பெயரில் ஒரு வழக்கு இருந்தால் போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் சிக்கலாகும்.

ஆன்லைனில் பணம் கட்டி ஆடிப் பழகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மத்திய அரசின் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதோடு, ஆன்லைனில் சீட்டைப் போடுவது கணினி. டீலர் வேலைக்கு அதில் கற்க எதுவும் இல்லை.

எந்தச் சீட்டு வாங்கணும்? கடையில கிடைக்கற அட்டைச் சீட்டு போதாதா?

போதாது. முழுக்கப் பிளாஸ்டிக்கில் செய்த சீட்டாக வாங்குங்கள். நம் மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. கடற்கரையோரம் வருடம் முழுக்க ஈரக்காற்று. அட்டைச் சீட்டு ஈரம் குடித்து விளிம்பு தடித்துவிடும், ஒன்றோடொன்று ஒட்டும். நீங்கள் ஒரு சீட்டு எறிந்தால் இரண்டு போகும். அது உங்கள் கையின் தவறா சீட்டின் தவறா என்று தெரியாமலே பழகிக்கொண்டிருப்பீர்கள். பிளாஸ்டிக் சீட்டை ஈரத்துணியால் துடைத்து, உலர வைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம்.

அகலத்தில் இரண்டு அளவு உண்டு: 63 மில்லிமீட்டர், 57 மில்லிமீட்டர். பல இடங்களில் ஹோல்டம் மேசைக்குக் குறுகிய சீட்டுதான். கை சிறியவர்கள் அதில் தொடங்குவது நல்லது. வெறும் பலகை மேசையில் பழகாதீர்கள், சீட்டு வழுக்கி எங்கோ போய் நிற்கும். மேலே ஒரு கம்பளியோ தடித்த போர்வையோ இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கீழே வைக்க ஒரு கட் கார்டும் வேண்டும். அது சீட்டு அளவுக்கு வெட்டிய கெட்டியான பிளாஸ்டிக் தகடு, அவ்வளவுதான்.

எத்தன தடவ கலைக்கணும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுகாவ.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பெரும்பாலான இடங்களில் கேட்பது இந்த வரிசை: ரிஃபிள், ரிஃபிள், ஸ்ட்ரிப், ரிஃபிள், கட். ரிஃபிள் என்பது கட்டை இரண்டாகப் பிரித்து முனைகளைக் கோத்துவிடுவது. ஸ்ட்ரிப் என்பது மேலிருந்து சிறு சிறு கொத்தாக உருவி ஒன்றின்மேல் ஒன்று வைப்பது. கட் செய்யும்போது மேல்பாதியை முன்னால் இருக்கும் கட் கார்டின்மேல் ஒரே கையால் வைத்து, மீதியை அதன்மேல் போட வேண்டும். எந்தப் பாதியிலும் நான்கு சீட்டுக்குக் குறையக் கூடாது.

புதுக்கட்டு வந்தால் இன்னும் இரண்டு படி. முதலில் முகம் மேலாக விரித்து, நான்கு சாதியும் பதின்மூன்று பதின்மூன்றாக இருக்கிறதா என்று மேசையில் இருப்பவர்கள் பார்க்கும்படி காட்டுங்கள். பிறகு கவிழ்த்து, இரண்டு உள்ளங்கையாலும் மேசை முழுக்கப் பரப்பி அளைந்து கலக்குங்கள். அதற்குப் பின்தான் மேலே சொன்ன வரிசை.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, ரிஃபிள் செய்யும்போது கட்டை மேசையிலிருந்து தூக்குவது. வீட்டில் எல்லோரும் கையில் வைத்துத்தான் கலைத்திருப்போம். அப்படிச் செய்தால் அடிச்சீட்டின் முகம் எதிரில் இருப்பவருக்குத் தெரியும். கட்டு மேசையை விட்டு எழும்பவே கூடாது.

எனக்கு இருபத்தெட்டு ஆடித்தான் பழக்கம். இதுல எந்தப் பக்கத்துல இருந்து போடணும்?

இருபத்தெட்டு வலப்பக்கமாகச் சுற்றும். போக்கர் இடப்பக்கமாக, கடிகாரம் சுற்றுகிற திசையில் சுற்றும். நம் பகுதியில் இருபத்தெட்டும் ஐம்பத்தாறும் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது கையில் ஊறிய பழக்கம். நெருக்கடி நேரத்தில் கை தானாக வலப்பக்கம் போகும். முதல் சீட்டு தவறான இருக்கைக்குப் போனால் அந்த ஆட்டமே செல்லாது. ஆகவே முதல் சில வாரம் எறிவதைப் பற்றிக் கவலைப்படாமல் திசையை மட்டும் பழகுங்கள்.

பட்டன் என்பது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் இருக்கை நகரும் அடையாள வில்லை. அது யார் முன்னால் இருக்கிறதோ அவருக்கு இடப்பக்கத்தில் இருப்பவர் ஸ்மால் பிளைண்ட், அடுத்தவர் பிக் பிளைண்ட்; இருவரும் சீட்டுப் போடும் முன்பே கட்டாயப் பந்தயம் கட்டுபவர்கள். முதல் சீட்டு ஸ்மால் பிளைண்டுக்கு. ஒவ்வொன்றாக இரண்டு சுற்று. கடைசிச் சீட்டு பட்டனுக்கு. இரண்டே பேர் மிஞ்சினால் பட்டன் வைத்திருப்பவரே ஸ்மால் பிளைண்ட். அப்போதும் கடைசிச் சீட்டு பட்டனுக்குத்தான். ஃப்ளாப்புக்கு முன் அவர் முதலில் பேசுவார், ஃப்ளாப்புக்குப் பின் அவர் கடைசியில் பேசுவார். பேசுவது என்றால் தன் முறையில் இவற்றில் ஒன்றைச் செய்வது: செக் (பந்தயம் வைக்காமல் விடுவது), பெட் (பந்தயம் வைப்பது), கால் (அதற்குச் சமமாகப் போடுவது), ரெய்ஸ் (பந்தயத்தைக் கூட்டுவது), ஃபோல்டு (சீட்டை மடித்து விலகுவது).

சீட்டு எறியும்போது பக்கத்துல இருக்கவன் பாத்திருவான்னு பயமா இருக்கு. எப்படி எறியணும்?

இடது கையில் கட்டைத் தட்டையாக, முன்பக்கம் லேசாகத் தாழ்த்திப் பிடியுங்கள். இடது பெருவிரலால் மேல்சீட்டைச் சிறிது தள்ளி, வலக்கையின் ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் சுண்டிவிடுங்கள். சீட்டு மேசையை ஒட்டியே சுழன்றபடி போக வேண்டும். காற்றில் எழும்பினால் தாழ உட்கார்ந்திருப்பவருக்கு முகம் தெரியும். தள்ளுகிற தூரம் அரை அங்குலத்தைத் தாண்டினாலும் வலப்பக்கத்து இருக்கைக்காரருக்கு மூலை எழுத்து தெரிந்துவிடும்.

எட்டாத இருக்கைக்கு வேகம் கூட்டாதீர்கள், உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாயுங்கள். வேகம் கூடும்போதுதான் சீட்டு இன்னொருவரின் சிப் அடுக்கில் இடித்து மலர்ந்து விழுகிறது.

பர்ன் கார்டு என்னத்துக்கு? அத எடுக்க மறந்துட்டா என்ன செய்ய?

பெட் நடக்கும் நேரம் முழுவதும் கட்டின் மேல்சீட்டின் முதுகு எல்லோர் கண்ணிலும் படுகிறது. அந்த முதுகில் ஒரு கீறலோ கறையோ இருந்து, அதை ஒருவர் அடையாளம் வைத்திருந்தால் அடுத்து வருவது அவருக்கு மட்டும் தெரியும். அந்தச் சீட்டைக் கவிழ்த்தபடியே ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் திறப்பதுதான் பர்ன். ஃப்ளாப்புக்கு ஒன்று, டர்னுக்கு ஒன்று, ரிவருக்கு ஒன்று, ஆக மூன்று. ஒதுக்கியதை மடித்துப் போட்ட சீட்டுகளோடு கலக்காமல், மேசை நடுவில் சேரும் பந்தயத் தொகையான பாட்-இல் உள்ள சிப்புக்கு அடியில் ஓரம் தெரிய வையுங்கள். பின்னால் ஒரு தகராறு வந்தால் எத்தனை பர்ன் ஆயிற்று என்று எண்ணிக் காட்ட அதுதான் சாட்சி.

மறந்தாலோ, ஒன்றுக்கு இரண்டாக எடுத்தாலோ, அந்தச் சுற்றில் யாரும் இன்னும் செக், பெட் எதுவும் செய்யவில்லையென்றால் திருத்தலாம். ஒருவர் பேசிவிட்டால் மேசையில் இருக்கும் சீட்டு அப்படியே நிற்கும். திருத்துவதாக இருந்தாலும் நீங்களாகச் செய்ய வேண்டாம். ஃப்ளோர் மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள்.

எதெல்லாம் மிஸ்டீல்? எப்போ மொத்தத்தையும் திரும்பப் போடணும்?

முதல் சீட்டு தவறான இருக்கைக்குப் போனால். சேரக்கூடாத இருக்கைக்குச் சீட்டு போனாலோ, சேர வேண்டிய இருக்கை விட்டுப்போனாலோ. கட்டிலிருந்து வரும் முதல் இரண்டு சீட்டில் ஒன்று உங்கள் தவறால் முகம் தெரிந்தால். அதற்குப் பின் வருவனவற்றில் எவையேனும் இரண்டு தெரிந்தால். கட்டுக்குள் இரண்டு சீட்டு ஏற்கெனவே திரும்பிக் கிடந்து வெளிப்பட்டால். இவையெல்லாம் மிஸ்டீல். திரும்பப் போடும்போது பட்டன் நகராது, பிளைண்ட் மாறாது, புதிதாக யாரும் உட்காரக் கூடாது. அதே ஆட்டம்தான் மறுபடி.

ஆனால் இதற்கு ஒரு எல்லை உண்டு. ஆட்டம் போதிய அளவு நகர்ந்துவிட்டால் மிஸ்டீல் சொல்ல முடியாது. முறைப்படி இரண்டு பேர் பேசி, அதில் ஒருவராவது சிப் போட்டிருக்க வேண்டும். அல்லது செக், ஃபோல்டு உட்பட எந்த வகையிலாவது மூன்று பேர் பேசியிருக்க வேண்டும். பிளைண்ட் கட்டியது கணக்கில் வராது. தவறு கண்ணில் பட்டதும் முதல் வேலையாக உள்ளங்கையைக் காட்டி மேசையை நிறுத்தச் சொல்வது இதனால்தான். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் இரண்டு நொடியில் மூன்றாமவர் ஃபோல்டு செய்துவிட்டால் திருத்தும் வழி அடைபட்டுப் போகும்.

ஒரே ஒரு சீட்டு மலந்து விழுந்துட்டு. அவருக்கு உடனே வேற குடுத்திரவா?

உடனே கொடுக்கக் கூடாது. புதிய டீலர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறு இதுதான். உடனே மாற்றினால் அவருக்குப் பின்னால் இருக்கும் எல்லோருக்கும் வர வேண்டிய சீட்டு ஒன்று தள்ளிப்போகும். கட் செய்த நொடியிலேயே யாருக்கு எது என்ற வரிசை முடிவாகிவிட்டது. அந்த வரிசையை இயன்றவரை குலைக்காமல் காப்பதுதான் இந்த விதிகள் எல்லாவற்றுக்கும் காரணம்.

செய்ய வேண்டியது: மலர்ந்த சீட்டை அவர் முன்னாலேயே எல்லோருக்கும் தெரிய விட்டுவிட்டு மற்றவர்களுக்குப் போட்டு முடியுங்கள். முடிந்ததும் கட்டின் மேல்சீட்டை, அதாவது பர்னுக்குப் போக வேண்டியதை, அவருக்குக் கொடுங்கள். மலர்ந்த சீட்டை எடுத்து எல்லோருக்கும் காட்டி, அதையே முதல் பர்ன் கார்டாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் போட்டு முடிந்தபின் கை நிற்காமல் ஸ்மால் பிளைண்டுக்கு மூன்றாவதாக ஒன்று போய்விட்டாலும், அதுவும் பர்ன் கார்டாகத்தான் திரும்பும்.

ஆட்டக்காரர் தானே தட்டி மலர்த்தியிருந்தால் மாற்று கிடையாது, அது அவருடைய சீட்டு. மலர்ந்தது கட்டிலிருந்து வந்த முதல் இரண்டில் ஒன்று என்றால் இதற்கு முந்தைய பதிலைப் பாருங்கள்.

ஃப்ளாப்புல மூணுக்குப் பதிலா நாலு சீட்டு விழுந்துட்டு. கடைசிச் சீட்டு எதுன்னு எனக்கே தெரியும், அத எடுத்துரலாமா?

உங்களுக்குத் தெரிந்தாலும் எடுக்கக் கூடாது. எது கூடுதல் என்று டீலர் சொல்லித் தீர்மானமாகும் நிலை வரவே கூடாது. டூர்னமென்டில் ஃப்ளோரைக் கூப்பிட வேண்டும். நீங்கள் நான்கையும் கவிழ்த்துக் கலக்குவீர்கள். அவர் ஒன்றை எடுத்து டர்னுக்கான பர்ன் கார்டாக வைப்பார். மீதி மூன்றும் ஃப்ளாப். பண மேசையில் வழக்கம் வேறு. நான்கையும் மீதிக் கட்டோடு சேர்த்துக் கலைத்து, வெட்டி, மறுபடி பர்ன் எடுக்காமல் புது ஃப்ளாப் போடுவார்கள். முதலில் எடுத்த பர்ன் மேசையிலேயே இருக்கும்.

இது வராமல் தடுக்க, மூன்று சீட்டையும் கவிழ்த்தபடி ஒவ்வொன்றாக எண்ணி வைத்து, மூன்று என்று உறுதியான பின் சேர்த்து மலர்த்தி விரியுங்கள்.

ஒருத்தர் இன்னும் பேசவே இல்ல, அதுக்குள்ள நான் அடுத்த சீட்டத் திறந்துட்டேன். இதுதான் எனக்கு எப்பவும் குழப்பம்.

மூன்று இடத்துக்கும் மூன்று விதம்.

ஃப்ளாப் முந்திவிட்டால்: மூன்று சீட்டையும் மீதிக் கட்டில் சேர்த்துக் கலைக்க வேண்டும். எடுத்த பர்ன் அப்படியே இருக்கும். பெட் முடிந்ததும் வெட்டி, புது ஃப்ளாப்பைப் பர்ன் இல்லாமல் போட வேண்டும்.

டர்ன் முந்திவிட்டால்: திறந்த சீட்டை ஓரமாக வையுங்கள், கட்டில் சேர்க்காதீர்கள். பாக்கிப் பெட் முடியட்டும். பிறகு ஒரு பர்ன் எடுத்து, முறைப்படி ரிவராக வந்திருக்க வேண்டிய சீட்டை டர்னாகத் திறங்கள். அந்தச் சுற்றுப் பெட்டும் முடிந்ததும், ஓரமாக வைத்ததை மீதிக் கட்டில் சேர்த்துக் கலைத்து, வெட்டி, பர்ன் இல்லாமல் ரிவர். பர்ன் சீட்டுகளும் மடித்த சீட்டுகளும் இந்தக் கலைப்பில் சேரக் கூடாது. சுற்றிவளைப்பது போலத் தோன்றும், ஆனால் காரணம் இருக்கிறது. ரிவராக வர வேண்டிய சீட்டு இப்படிச் செய்தால் எப்படியும் மேசைக்கு வந்துவிடுகிறது. முந்தி விழுந்த சீட்டுக்கும் ரிவரில் திரும்ப வர வாய்ப்பு இருக்கிறது.

ரிவர் முந்திவிட்டால்: அந்த ஒரு சீட்டை மீதிக் கட்டில் சேர்த்துக் கலைத்து, பெட் முடிந்தபின் பர்ன் இல்லாமல் திறக்க வேண்டும்.

திறந்த சீட்டைப் பார்த்தபின் பேசாதவர் ஃபோல்டு செய்தாலும், "பரவாயில்ல, அதே சீட்டு இருக்கட்டும்" என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாலும் இந்த முறையை மாற்றாதீர்கள். தவறு பெரும்பாலும் எங்கே தொடங்குகிறது என்றால், பேசாத ஆள் சீட்டைத் தன் கைக்குள் மூடி வைத்திருப்பார், உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கட்டைத் தொடும் முன் ஒவ்வோர் இருக்கையையும் பட்டன்வரை கண்ணால் ஒரு முறை சுற்றிவிட்டு, சிப்புகளை நடுவில் சேர்த்து, மேசையை ஒரு தட்டுத் தட்டிய பின் பர்ன் எடுங்கள். அந்தத் தட்டு எல்லோருக்கும் கடைசி எச்சரிக்கை.

பிக் பிளைண்ட் 100. ஒருத்தர் வாயத் திறக்காம 500 சிப் ஒண்ண வச்சார். அது ரெய்ஸா, கால்-ஆ?

கால். 400 திருப்பிக் கொடுங்கள். முன்னால் ஒரு பெட் இருக்கும்போது ஒன்றும் சொல்லாமல் ஒரே ஒரு பெரிய சிப் வைத்தால் எப்போதும் கால்தான். சிப் மேசையைத் தொடும் முன் "ரெய்ஸ்" என்று மட்டும் சொல்லியிருந்தால் 500-க்கு ரெய்ஸ். ஃப்ளாப்புக்குப் பின் முன்னால் யாரும் பெட் செய்யாத நிலையில் அதே சிப்பை வைத்தால் 500 பெட்.

ஒன்றுக்கு மேற்பட்ட சிப் என்றால் பாதிக் கணக்கு. ஃப்ளாப்புக்குப் பின் பெட் 300, குறைந்தபட்ச ரெய்ஸ் 600-க்கு. ஒருவர் பேசாமல் நான்கு 100 சிப் தள்ளினால், கூடுதல் 100 என்பது ரெய்ஸ் தொகையான 300-இல் பாதிகூட இல்லை, ஆகவே கால், 100 திரும்பப் போகும். 450 அல்லது அதற்கு மேல் தள்ளியிருந்தால் 600-ஆக நிரப்பியே தீர வேண்டும். முதலில் கொஞ்சம் வைத்துவிட்டு, மற்றவர் முகத்தைப் பார்த்து, திரும்ப அடுக்குக்குப் போய் எடுத்து வைப்பது ஸ்டிரிங் பெட். முதலில் வைத்தது மட்டுமே செல்லும்.

ஆல்-இன் போனவர்கிட்ட முழு ரெய்ஸுக்குச் சிப் இல்ல. அதுக்கப்புறம் மத்தவங்க ரெய்ஸ் பண்ணலாமா?

கையிலுள்ள சிப் முழுவதையும் வைப்பதுதான் ஆல்-இன். ஃப்ளாப்புக்குப் பின் முதலாமவர் 300 பெட். இரண்டாமவர் 400-க்கு ஆல்-இன். மூன்றாமவர் இன்னும் பேசவில்லை. அவர் 400 கால் செய்யலாம், ஃபோல்டு செய்யலாம், ரெய்ஸும் செய்யலாம்; ரெய்ஸ் என்றால் குறைந்தது 700-க்கு. அவர் கால் மட்டும் செய்தால், முதலாமவர் மறுபடி ரெய்ஸ் செய்ய முடியாது. இன்னும் 100 போடலாம், இல்லையேல் மடிக்கலாம். ஏனெனில் அவர்மேல் வந்தது முழு ரெய்ஸ் அல்ல.

சிக்கல் இரண்டு குறை ஆல்-இன் அடுத்தடுத்து வரும்போதுதான். அதே ஆட்டத்தில் இன்னொருவர் 600-க்கு ஆல்-இன் போனால், முதலாமவர் எதிர்கொள்வது மொத்தம் 300 கூடுதல். அது முழு ரெய்ஸுக்குச் சமம், ஆகவே டூர்னமென்ட் விதியில் அவருக்கு ரெய்ஸ் வாய்ப்பு திரும்பத் திறக்கும். ஒவ்வொன்றாகப் பார்க்காமல், அவர் கடைசியாகப் பேசியதிலிருந்து எவ்வளவு கூடியிருக்கிறது என்று கூட்டிப் பாருங்கள்.

சைடு பாட் பிரிக்கிறதுல கை நடுங்குது. ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்க.

ஆல்-இன் போனவருக்குப் பங்கில்லாத மேல்தொகையைத் தனியே வைப்பதுதான் சைடு பாட். நான்கு பேர். 1-ஆம் இருக்கை 300 ஆல்-இன், 4-ஆம் இருக்கை 800 ஆல்-இன், 6-ம் 8-ம் தலா 1500. இன்னொருவர் 100 போட்டுவிட்டு மடித்துவிட்டார்.

மிகச் சிறிய ஆல்-இன்னில் தொடங்குங்கள். நான்கு பேரிடமிருந்தும் 300 எடுத்தால் 1200. மடித்தவரின் 100-ஐயும் சேர்த்தால் முதல் பாட் 1300. அடுத்தது 800: அதில் 300 போய்விட்டது, மீதி 500 வீதம் மூன்று பேரிடமிருந்து 1500. இது முதல் சைடு பாட். கடைசியாக 6-இடமும் 8-இடமும் மிஞ்சிய 700 வீதம் 1400. இது இரண்டாவது சைடு பாட். சரிபார்ப்பு: 300, 800, 1500, 1500, 100 கூட்டினால் 4200. 1300, 1500, 1400 கூட்டினாலும் 4200. பொருந்தாவிட்டால் ஷோடவுனுக்கு (கையைக் காட்டும் கட்டத்துக்கு) போகாதீர்கள்.

கொடுக்கும்போது தலைகீழ். கடைசியாகப் பிரித்த சைடு பாட்டை முதலில் தீர்க்க வேண்டும், முதல் பாட் கடைசியில். வரிசை மாறினால் 1-ஆம் இருக்கைக்காரர் ஜெயித்ததைப் பார்த்ததும் 6-ம் 8-ம் தங்கள் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவர்களுக்குள் தீர வேண்டிய 1400 யாருக்கு என்று தெரியாமல் நிற்பீர்கள்.

கடைசியில யார் முதல்ல காட்டணும்? ஜெயிச்ச சீட்ட நானே தெரியாம மக்குல, அதாவது ஒதுக்கின சீட்டுக் குவியல்ல, இழுத்துட்டா?

ரிவரில் கடைசியாகப் பெட்டோ ரெய்ஸோ செய்தவர் முதலில் காட்ட வேண்டும். ரிவரில் எல்லோரும் செக் என்றால் பட்டனுக்கு இடப்பக்கம் முதலில் இருப்பவர். டூர்னமென்டில் ஆல்-இன் வந்து இனிப் பெட்டே இல்லை என்றால் எல்லோர் கையும் உடனே மலர வேண்டும்.

மலர்த்தி வைத்த கை ஜெயித்த கை என்றால் ஆட்டக்காரர் தப்பாகச் சொன்னாலும், நீங்கள் தப்பாகப் படித்தாலும், சீட்டு சொல்வதே முடிவு. எல்லோரும் பார்த்த கையை நீங்கள் இழுத்துவிட்டாலும் அதன் உரிமை போகாது. காட்டாமல் கவிழ்ந்திருந்த கையை நீங்கள் மக்கில் கலந்துவிட்டால் நிலைமை மோசம். எது அவருடையது என்று ஐயமின்றி அடையாளம் காண முடியாவிட்டால் அது செத்த கை; ஏற்கெனவே கால் செய்யப்பட்ட பணமும் அவருக்குத் திரும்பாது. விதிப்படி தன் கையைக் காப்பது ஆட்டக்காரர் பொறுப்புதான். ஆனாலும் நீங்கள் கவனமாக இருந்தால் அப்படி ஒருவர் இழக்க நேராது: தோற்ற கையை மலர்த்தி, ஐந்து நல்ல சீட்டையும் வாய்விட்டுப் படித்து, பிறகு ஒதுக்குங்கள். ஜெயித்த கை பாட் போய்ச் சேரும்வரை மலர்ந்தபடியே இருக்கட்டும்.

ரெண்டு பேருக்குச் சமமாப் பிரிக்கும்போது ஒரு சிப் மிஞ்சுது. யாருக்கு?

முதலில் அதை மேசையில் புழங்கும் மிகச் சிறிய சிப்பாக உடையுங்கள். அப்படியும் ஒன்று மிஞ்சினால் பட்டனுக்கு இடப்பக்கமாக முதலில் வருபவருக்கு. சைடு பாட் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரிக்க வேண்டும், ஒன்றாகக் குவித்துப் பிரிக்கக் கூடாது.

ஆட்டம் முடிஞ்சப்புறம் சீட்டு கூடிருக்கோ கொறஞ்சிருக்கோன்னு சந்தேகம் வந்தா எப்படிக் கண்டுபிடிக்க?

மீதிக் கட்டை எண்ணுங்கள். ஒன்பது பேர் ஆட்டத்தில் கைச்சீட்டு 18, மேசையில் 5, பர்ன் 3, மொத்தம் 26. ஆகவே ரிவர்வரை போன ஆட்டத்தில் மீதி 26 இருக்க வேண்டும். பத்துப் பேர் என்றால் 24. எட்டுப் பேர் என்றால் 28.

மேலே சொன்ன திருத்தங்களை ஒரு முறை திரும்பிப் பாருங்கள். மலர்ந்த சீட்டு பர்னாகிறது. நாலு சீட்டு ஃப்ளாப்பில் ஒன்று அடுத்த பர்னாகிறது. முந்திய ஃப்ளாப்புக்கும் டர்னுக்கும் ரிவருக்கும் கடைசியில் பர்ன் இல்லாமல் போடுகிறோம். எந்த வழியில் போனாலும் ரிவர் முடியும்போது பர்ன் மூன்றுதான். மனப்பாடம் மறந்து தடுமாறினாலும் இந்த எண்ணிக்கை பாதி வழி காட்டும்.

ஒரே சீட்டு இரண்டு வந்தாலோ, வேறு நிற முதுகுச் சீட்டு ஒன்று உள்ளே இருந்தாலோ கட்டு கெட்டது என்று பொருள். அந்த ஆட்டத்தில் போட்ட சிப் அவரவருக்குத் திரும்பும், கட்டு மாறும். ஜோக்கர் வந்தால் அது வெறும் தாள். அடுத்த சீட்டு அதன் இடத்துக்கு வரும்.

எல்லாத்துக்கும் ஃப்ளோரக் கூப்பிட்டா இவனுக்கு வேல தெரியலன்னு நெனச்சிர மாட்டாங்களா?

மாட்டார்கள். கூப்பிடாமல் தானே சரிசெய்த டீலரைத்தான் கேமராப் பதிவில் தேடுவார்கள். தவறாகப் போட்ட சீட்டை நீங்கள் நல்ல எண்ணத்தில் மாற்றி வைத்தாலும், மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அது ஒரு டீலர் சீட்டை இடம் மாற்றியதாகத்தான் தெரியும். வேலை போவது பெரும்பாலும் தவறுக்காக அல்ல, மறைத்த திருத்தத்துக்காக.

கூப்பிட்டதும் கட்டின்மேல் கையை வைத்து, எதையும் நகர்த்தாமல் இருங்கள். அவர் வந்ததும் நடந்ததை வரிசையாக மட்டும் சொல்லுங்கள்: "டர்ன் பெட் 300. நாலாம் இருக்கை கால். ஏழாம் இருக்கை பேசவில்லை. நான் பர்ன் எடுத்து ரிவர் திறந்துவிட்டேன்." யார் பக்கம் நியாயம், என்ன தீர்ப்பு வர வேண்டும் என்று நீங்கள் சொல்லக் கூடாது. கேட்டால் மட்டும் பதில். எழுந்து போகும்போது இரண்டு உள்ளங்கையையும் விரித்து, திருப்பிக் காட்டிவிட்டுப் போவதும் இதே கேமராவுக்காகத்தான்.

நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் மேசையில வந்து உக்காந்தா தமிழ்ல பேசலாமா?

ஆட்டம் நடக்கும்போது பேசக் கூடாது. மேசையில் எந்த மொழி என்று அந்த இடம் விதித்திருக்கிறதோ அது மட்டும்தான். கப்பலில் பெரும்பாலும் ஆங்கிலம். மற்றவர்களுக்குப் புரியாத மொழியில் டீலர் ஒருவரிடம் இரண்டு வார்த்தை பேசினால், அது "சாப்பிட்டீங்களா அண்ணாச்சி" என்பதாகவே இருந்தாலும், சீட்டைப் பற்றிச் சொன்னதாக ஒருவர் புகார் செய்யலாம். அதை மறுக்க உங்களிடம் ஆதாரம் இருக்காது. அவர் தமிழில் கேட்டாலும் மேசை மொழியிலேயே பதில் சொல்லுங்கள். சொந்தக்காரரோ நெருங்கிய பழக்கமோ என்றால் அவர் உட்கார்ந்த உடனேயே ஃப்ளோரிடம் சொல்லி மேசை மாற்றிக் கேளுங்கள்.